ஒரு எபிசோடுக்கு இரண்டு வேலை

ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ ஒரு தெருவில் நடந்து போனால், வீட்டுக்கு வீடு ஒரே சீரியலின் குரல் கேட்கும். முதல் வீட்டில் ஆரம்பித்த அழுகை ஆறாவது வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் ஓயும். தெருமுனை திரும்பினால் அந்த அழுகைக்கு யாரோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சீரியலைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நடிகை யார், வில்லி யார், கதை எங்கே போகிறது என்றெல்லாம் பேசுகிறோம். அந்த அரைமணி நேரத் துண்டை, அதாவது ஒரு எபிசோடைத் தனியாக எடுத்துப் பார்ப்பது குறைவு. டிவி நாடகமோ காமெடித் தொடரோ வெப் சீரிஸோ, எல்லாமே அந்தத் துண்டுகளால் ஆனவைதான். அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், சில தொடர்களை ஏன் விட முடிவதில்லை, சிலவற்றை ஏன் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறோம் என்பதும் பிடிபடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரம் வைப்போம். நீளமான கதையை நேரத்துக்குத் தகுந்தபடி வெட்டினால் எபிசோட் ஆகிவிடாது. மூன்று மணி நேரப் படம் ஒன்றை ஆறு துண்டாக வெட்டி ஆறு நாள் ஒளிபரப்பிப் பாருங்கள். இரண்டாம் நாளே எரிச்சல் வரும். பாட்டுக்கு நடுவில் ஒரு துண்டு முடியும், சண்டைக்கு நடுவில் இன்னொன்று தொடங்கும்.

எபிசோடுக்கு இரண்டு வேலை இருக்கிறது. இன்று வந்து உட்கார்ந்தவருக்கு இன்றைக்கே ஏதாவது ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டும். அதே சமயம், நாளைக்கு அவர் திரும்பி வருவதற்கு ஏதாவது ஒன்றை முடிக்காமல் வைக்க வேண்டும். எவ்வளவை முடிப்பது, எவ்வளவைத் திறந்து வைப்பது என்ற கணக்குதான் ஒரு தொடரின் குணத்தையே தீர்மானிக்கிறது. முழுக்க முடித்துவிட்டால் அது காமெடித் தொடர் பக்கம் சாயும். எதையும் முடிக்காவிட்டால் தினசரி சீரியல். நடுவில் எத்தனையோ படிகள்.

கூத்து ராத்திரிகள்

இந்தக் கணக்கு எங்கோ அமெரிக்காவில் டிவி வந்த பிறகு கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. ஒரு ராத்திரி பகடை துகில், ஒரு ராத்திரி அர்ச்சுனன் தபசு, அப்புறம் அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகப் போகும்.

பகடை துகிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ராத்திரிக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது: சபையில் இழுத்துவரப்பட்ட திரௌபதியின் மானம் நிற்குமா? விடிவதற்குள் அதற்கு விடை கிடைத்துவிடுகிறது. புடவை வளர்கிறது, துச்சாதனன் ஓய்ந்து போகிறான், பார்த்தவர்கள் கும்பிட்டுவிட்டு எழுந்து போகலாம். ஆனால் அதே ராத்திரியில் அவள் ஒரு சபதமும் போட்டுவிடுகிறாள். பழி தீரும்வரை விரித்த கூந்தலை முடிய மாட்டேன் என்கிறாள். அந்தக் கூந்தல் அப்புறம் வரும் எல்லா ராத்திரியும் விரிந்தே கிடக்கும். கடைசி நாள் படுகளத்தில்தான் அது முடியப்படும்.

ஒரு ராத்திரிக்குள் மூடிய கேள்வி ஒன்று, பல ராத்திரி திறந்தே கிடக்கும் கேள்வி ஒன்று. இன்றைக்கு நெட்ஃபிளிக்ஸுக்கு எழுதுகிறவர்கள் படாத பாடு பட்டுச் செய்வது இதைத்தான்.

கட்டியங்காரனையும் விட்டுவிடக் கூடாது. அவன் முதலில் வந்து கேலி பேசி, யார் வரப்போகிறார்கள், என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுகிறான். நேற்று வராதவனும் இன்று உட்கார்ந்து பார்க்கலாம். சீரியலில் ‘முந்தைய பகுதியில்’ என்று ஓடும் ஒரு நிமிடம் செய்கிற வேலையும் அதுவேதான், கேலிதான் அதில் கிடையாது.

ஒரு சான்றிதழ், மூன்று விதம்

கொள்கையாகச் சொல்வதைவிட ஒரு கதையை நாமே செய்து பார்ப்பது சுலபம். முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீடு. கீழே ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவருடன் மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. மாடியில் குடித்தனம் இருக்கும் ஒரு அக்கா. தாத்தாவுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்றிதழ் அனுப்ப வேண்டும். இன்றைக்குக் கடைசி நாள், பன்னிரண்டு மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

முதலில் இதைக் காமெடித் தொடரின் ஒரு எபிசோடாகச் செய்வோம்.

டைட்டில் பாட்டுக்கு முன்னாலேயே ஒரு சின்னக் காட்சி. காபி குடித்துக்கொண்டிருக்கும் தாத்தாவிடம் மகன் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறான். “நான் உயிரோட இருக்கேன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு எதுக்கு நிரூபிக்கணும்?” என்று தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். உடனே டைட்டில். இரண்டு நிமிடத்துக்குள் எபிசோடின் கேள்வி போட்டாகிவிட்டது: பன்னிரண்டு மணிக்குள் இந்த மனுஷனைப் பிடித்து நிறுத்த முடியுமா?

இது பெரிய கதை. இதோடு ஒரு சின்னக் கதையும் ஓட வேண்டும். மருமகளுக்கும் மாடி அக்காவுக்கும் தண்ணீர் மோட்டார் ஸ்விட்சுத் தகராறு. ஸ்விட்ச் இருக்கும் அறையைப் பூட்டி, சாவியை மருமகள் ஒளித்து வைத்துவிட்டாள். மாடியில் அக்கா தலைக்கு சீயக்காய் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள், குழாயில் காற்று வருகிறது. இன்னும் சின்னதாக மூன்றாவது ஒன்று: பேத்தி காலையிலிருந்து ஒரு பிரெஞ்சுப் பாட்டை மனப்பாடம் செய்து எல்லோரையும் பாடாய்ப் படுத்துகிறாள்.

எதற்கு இரண்டு மூன்று கதை? ஒரே கதையை இருபத்திரண்டு நிமிடம் இழுத்தால் தொய்வு தெரியும். தாத்தாவைத் தேடி மகன் கடற்கரைச் சாலைக்குப் போகும் நேரத்தை நாம் பார்க்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மோட்டார் சண்டையைக் காட்டிவிட்டுத் திரும்பினால், அவன் தாத்தா முன்னால் நிற்கிறான். அவர் நண்பர்களோடு பெத்தாங் குண்டு வீசிக்கொண்டிருக்கிறார், ஆட்டம் முடியாமல் வர மாட்டார். கதை மாறி மாறிப் போவதால் நடப்பது, காத்திருப்பது, பஸ் ஏறுவது எல்லாம் தானாகவே காணாமல் போகிறது.

விளம்பரத்துக்கு முன்னால் ஒரு முட்டுக்கட்டை வேண்டும். ஒருவழியாக அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அதிகாரி அடையாள அட்டை கேட்கிறார். அது வீட்டில் பீரோவுக்குள் இருக்கிறது. பீரோச் சாவியும் மோட்டார் ரூம் சாவியும் ஒரே கொத்து. மருமகள் கோபத்தில் போனையும் எடுப்பதில்லை. இங்கே விளம்பரம்.

கவனியுங்கள், சின்னக் கதை வந்து பெரிய கதையின் குறுக்கே விழுந்துவிட்டது. நல்ல காமெடி எபிசோடின் அடையாளமே இதுதான். சும்மா நேரம் கடத்த வைத்ததுபோல இருந்த மோட்டார் சண்டை இல்லாமல் இப்போது தாத்தாவுக்கு உயிர் இல்லை.

விளம்பரத்துக்குப் பிறகு வேகம். சாவி எங்கே ஒளிந்திருக்கிறது என்று மாடியிலிருந்து பார்த்தவள் அக்கா ஒருத்திதான். மகன் அவளுக்குப் போன் செய்கிறான். தினமும் இரண்டு வேளை மோட்டார் போட வேண்டும் என்று பேரம் நடக்கிறது. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு, தலையில் சீயக்காயோடு, ஸ்கூட்டியில் பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு அட்டையோடு வந்து இறங்குகிறாள். அதிகாரி அட்டையைப் பார்க்கிறார். போட்டோவில் பெரிய மீசை, எதிரில் வழுவழு மூஞ்சி. நம்ப மாட்டேன் என்கிறார். அந்த நேரம் பேத்தி பாட்டை எடுத்து விடுகிறாள். உச்சரிப்பு தாங்காமல் தாத்தா பட்டாளத்து பிரெஞ்சில் அவளைத் திருத்த ஆரம்பிக்கிறார், அலுவலகமே நிமிர்ந்து உட்காருகிறது. முத்திரை விழுகிறது. மூன்று கதையும் ஒரே இடத்தில் முடிந்தது.

கடைசியில் அரை நிமிடம். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர், “என்ன மாமா, எப்படி இருக்கீங்க?” என்கிறார். தாத்தா பையிலிருந்து சான்றிதழின் நகலை எடுத்து நீட்டுகிறார். உள்ளேயிருந்து மோட்டார் ரூம் பூட்டும் சத்தம். முடிந்தது.

அந்தப் பூட்டும் சத்தம் முக்கியம். நாளைக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதற்கு அது அடையாளம். தாத்தா திருந்த மாட்டார், மருமகள் இறங்கி வர மாட்டாள். அதனால்தான் காமெடித் தொடரை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். பிபிசியின் ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடருக்கு மொத்தமே 12 எபிசோட். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. எதை முதலில் பார்த்தாலும் ஓட்டல்காரர் அதே ஓட்டல்காரர், அவர் படும் அவமானமும் அதே அளவு. கதை முன்னேறவில்லையே என்று யாரும் கோபப்படுவதில்லை.

இதையே தினசரி சீரியலாகச் செய்தால்? திங்கட்கிழமை கடிதம் வருகிறது, மூத்த மருமகள் அதைப் பிரித்துப் படித்து ஒளித்து வைக்கிறாள். செவ்வாய்க்கிழமை சின்ன மருமகளுக்குச் சந்தேகம். புதன்கிழமை தாத்தாவுக்கு நெஞ்சுவலி. வியாழன், வெள்ளி ஆஸ்பத்திரி வராந்தா. சனிக்கிழமை ஒருவழியாக அலுவலகத்தில் நிற்கிறார்கள். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொல்கிறார்: “இவர் இறந்துட்டதா ஏற்கெனவே பதிவாகியிருக்கே!” தாத்தா முகம், மகன் முகம், சின்ன மருமகள் முகம், வீட்டில் சிரிக்கும் மூத்த மருமகள் முகம். தொடரும். ஞாயிறு முழுக்க நாம் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். வாரத்தின் கடைசி எபிசோடுக்குப் பெரிய முடிச்சு, நடுநாட்களுக்குச் சின்ன முடிச்சு என்று ஒரு வாரக் கணக்கு இதில் இருக்கிறது.

வெப் சீரிஸ்காரர் கையில் கொடுத்தால் சனிக்கிழமை வசனத்தில்தான் அவர் ஆரம்பிப்பார். உயிரோடு இருப்பவரை இறந்ததாகப் பதிவு செய்தது யார்? எட்டு எபிசோட். ஒன்றில் மகனின் கடன், ஒன்றில் மாடி அக்காவின் பழைய ஊர், ஒன்றில் தாத்தாவின் பட்டாளத்து நாட்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் மேல் சந்தேகம் வந்து, தீர்ந்து, இன்னொருவர் மேல் போகும். புஷ்கர்–காயத்ரி உருவாக்கி 2022-இல் வந்த ‘சுழல்’ எட்டு எபிசோடில் இந்த மாதிரித்தான் நகர்கிறது. மொத்த நேரம் முன்கூட்டியே தெரியும் என்பதால் இழுக்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் பல வெப் தொடர்களில் நாலாவது, ஐந்தாவது எபிசோடில் கதை மூச்சு வாங்கும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் போதுமான சரக்கை எட்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தினசரி சீரியல் ஏன் அப்படி இருக்கிறது

தினசரி சீரியலைக் கிண்டல் செய்வது சுலபம். ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் மரியாதை வரும்.

அரைமணி நேர ஸ்லாட்டில் அரைமணி நேரக் கதை கிடையாது. நம் நாட்டு விதிப்படி ஒரு மணி நேரத்தில் சேனல் தன் சொந்த விளம்பரத்தையும் சேர்த்து 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அப்படிப் பார்த்தால் அரைமணிக்கு ஆறு நிமிடம் போய்விடும். டைட்டில் பாட்டு, முந்தைய பகுதி, நாளைய முன்னோட்டம் எல்லாம் கழித்தால் புதிதாக நடப்பதற்கு இருபது நிமிடம் மிஞ்சினால் பெரிது. அதில் நாலைந்து காட்சி. ஒவ்வொரு காட்சியும் ஒரு ட்ராக்கைக் கொஞ்சம் நகர்த்தும். மாமியார் ட்ராக், நாத்தனார் ட்ராக், ஆபீஸ் ட்ராக் என்று மூன்று நான்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பார்ப்பவரும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பவர் இல்லை. வெங்காயம் உரிப்பார், பிள்ளைக்கு வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுப்பார், தோசை திருப்பிப் போட்டுவிட்டு வருவார். அதனால் முக்கியமான விஷயம் காதுக்கும் வர வேண்டும், இரண்டு தடவை வர வேண்டும். நடந்ததை ஒருத்தி போனில் இன்னொருத்திக்குச் சொல்வதும், அவள் அதை வீட்டுக்காரரிடம் சொல்வதும் அதற்காகத்தான்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பலா, முந்திரித் தோப்புகள் அழிந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அப்புறம் ஒருநாள் விளக்கு எரிந்து, டிவி போட்டவர்கள் சீரியல் கதையைப் பிடிக்கச் சிரமப்படவே இல்லை. நடுவில் போனவற்றை அங்கிருந்த பாத்திரங்களே பேசிப் பேசிச் சொல்லிவிட்டன. இப்படித் தாங்கும்படி எழுதுவதும் ஒரு திறமைதான். ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் ஏழெட்டு முகங்களைத் தனித்தனியாக மூன்று முறை காட்டுவதை மட்டும் என்னால் எந்த நியாயத்திலும் சேர்க்க முடியவில்லை.

இத்தனை நாள் ஓடுவதால் எபிசோட் எண்ணிக்கை மலைக்க வைக்கும். தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 2003-இலிருந்து 2009 வரை 1,500 எபிசோடுக்கு மேல் ஓடியது. திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ 800-ஐத் தாண்டியது. 2020-இல் ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று, கையிருப்பு எபிசோடுகளும் தீர்ந்தபோது சன் டிவி அதைத் திரும்ப எடுத்துப் போட்டது. கையிருப்பு எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு தினசரி சீரியல்கள் ஓடுகின்றன என்பது அந்த வாரங்களில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தினம் ஒன்று வெளியே போக வேண்டும் என்பதால், ஒரே வீட்டில் நடக்கும் பல நாள் காட்சிகளைச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். நடிகர் ஒருவர் விலகினால் கதை நிற்க முடியாது. திரையில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று இரண்டு போட்டோ போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். உலகத்தில் வேறு எந்தக் கலையிலும் இவ்வளவு நேர்மையான அறிவிப்பு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இந்தியாவில் இந்த வடிவத்துக்கு வழி போட்டது தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’. 1984 ஜூலையில் தொடங்கியது. மெக்சிகோ தொடர்களைப் பார்த்து, கதையோடு சேதியும் சொல்லலாம் என்று செய்தார்கள். ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பார்ப்பவர்களோடு பேசுவார். நம் கட்டியங்காரன் முன்னால் வருவான், இவர் பின்னால் வந்தார்.

நடுப்படியில் நிற்பது வாரத் தொடர். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வாரம் ஒரு எபிசோடாக வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை. அதில் வரும் ‘விடாது கருப்பு’ ஓடிய நாட்களில், குதிரையில் வரும் அந்த உருவம் யார் என்று ஏழு நாள் விவாதம் நடக்கும். எபிசோடுக்கும் எபிசோடுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியும் கதையின் ஒரு பாகம்தான். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடிப்பவருக்கு அந்தப் பாகம் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியை உச்சத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்காவின் ‘டல்லாஸ்’. 1980 மார்ச் 21 அன்று சீசனின் கடைசி எபிசோடில் ஜே.ஆர். என்ற வில்லனை யாரோ சுட்டுவிடுகிறார்கள். யார் என்று சொல்லவில்லை. நடுவில் நடிகர்கள் வேலைநிறுத்தம் வேறு வந்தது. விடை வந்தது நவம்பர் 21-இல். அன்றைக்கு அமெரிக்காவில் மட்டும் 8 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

சில விசேஷ எபிசோடுகள்

முதல் எபிசோடுக்கு பைலட் என்று பெயர். பல நாடுகளில் இதை மட்டும் எடுத்துக் காட்டித்தான் சேனலிடம் அனுமதி வாங்குவார்கள். அதற்கு வேலை அதிகம்: யார் யார், எந்த ஊர், என்ன சிக்கல் எல்லாம் சொல்ல வேண்டும், சொல்வது தெரியவும் கூடாது. 1994-இல் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ்’ இதற்கு ஒரு சுலப வழி பிடித்தது. கல்யாண உடையோடு ஒரு பெண் காபிக் கடைக்குள் ஓடி வருகிறாள். அவளுக்கு மற்றவர்களை அறிமுகப்படுத்தும்போது நமக்கும் அறிமுகமாகிவிடுகிறது. தமிழ் சீரியலில் புது மருமகள் வலது காலை எடுத்து வைத்து வரும் முதல் எபிசோடுகளும் இதே உத்திதான்.

இன்னொன்று, பணம் தீர்ந்துபோன எபிசோட். ஒரே இடம், இரண்டு மூன்று நடிகர்கள், புது செட் கிடையாது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் 2010-இல் வந்த ‘ஃப்ளை’ இப்படிச் செலவைக் குறைக்கச் செய்ததுதான். ஆய்வகத்துக்குள் ஒரு ஈ புகுந்துவிடுகிறது. எபிசோட் முழுக்க இரண்டு பேர் அந்த ஈயைத் துரத்துகிறார்கள். கதை ஒரு அங்குலம் நகரவில்லை என்று திட்டுபவர்கள் உண்டு. தூக்கமில்லாத ஒருவன், சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவானோ என்று நம்மைப் பதறவைப்பதை வேறு எப்படியும் செய்திருக்க முடியாது என்பது என் கட்சி.

இரண்டு சீரியல் குடும்பங்கள் ஒரே கல்யாணத்தில் சந்திப்பதை மகா சங்கமம் என்பார்கள். ஒன்றின் ரசிகர்களை இன்னொன்றுக்குக் கொண்டுவரும் வேலை, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. துணிச்சல் என்றால் ‘நாதஸ்வரம்’ சீரியல் செய்ததைச் சொல்லலாம். 2014-இல் ஆயிரமாவது எபிசோடைக் காரைக்குடியிலிருந்து நேரலையாக, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஒளிபரப்பினார்கள். வசனம் தடுமாறினால் தடுமாறியதுதான், ஊரே பார்த்திருக்கும்.

தொடர்ச்சியே இல்லாத எபிசோடுகளும் உண்டு. 1959-இல் தொடங்கிய ‘ட்வைலைட் ஸோன்’ போன்ற தொடர்களில் வாரா வாரம் கதை வேறு, நடிகர் வேறு. தொடரின் பெயரும் ஒரு மாதிரியான விநோத மனநிலையும் மட்டும்தான் பொது. நாவல் படிப்பவருக்கும் சிறுகதை படிப்பவருக்கும் இருக்கிற வித்தியாசம்தான் இங்கேயும். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் என்று சிறுகதையில் இரண்டு பெரிய கைகளைக் கொடுத்த ஊர் கடலூர். அந்த வகை எபிசோட்களை இங்குள்ளவர்கள் ரசிக்காமல் இருக்க மாட்டார்கள், தமிழில் எடுத்துக்கொடுக்கத்தான் ஆள் குறைவு.

ஒரு எபிசோட் தனியாக நிற்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் வைத்துப் பேச முடிகிறதா? ‘அந்த ஈ எபிசோட்’, ‘அந்தச் சீயக்காய் எபிசோட்’ என்று சொல்ல முடிந்தால் நிற்கிறது. தினசரி சீரியலில் அப்படிச் சொல்ல வராது. ‘பொண்ணு காணாமப் போச்சே, அந்த ட்ராக்’ என்றுதான் சொல்வோம். தலைப்பு வைக்காமல் தேதியையும் எண்ணையும் மட்டும் போட்டு யூடியூபில் ஏற்றுவது தற்செயல் இல்லை.

கடைசி எபிசோட்

மற்ற எல்லா எபிசோடுக்கும் இரண்டு வேலை என்றால், கடைசி எபிசோடுக்கு ஒன்றுதான்: மூடுவது. நாளைக்கு என்ற ஒன்று இல்லாததால் எழுதுகிறவரின் கையில் இருந்த பாதிக் கருவி போய்விடுகிறது. இத்தனை நாள் திறந்து வைப்பதிலேயே பழகியவர் திடீரென்று எல்லாவற்றையும் மூட வேண்டும். அதனால்தான் நல்ல தொடர்கள்கூட முடிவில் சறுக்குகின்றன.

சறுக்காதவையும் உண்டு. கொரியப் போர்க்கள ஆஸ்பத்திரி ஒன்றை வைத்துப் பதினொரு வருடம் ஓடிய ‘மேஷ்’ என்ற அமெரிக்கத் தொடர், 1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணி நேர எபிசோடோடு முடிந்தது. 10 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அங்கே போர் முடிகிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். முடிவு கதைக்குள்ளேயே ஆரம்பத்திலிருந்து இருந்தது, யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

தினசரி சீரியலுக்கு அந்த வசதி கிடையாது. ரேட்டிங் இறங்கியதும் சேனல் நாள் குறித்துவிடும். மூன்று வருடமாக விஷம் வைத்துக்கொண்டிருந்தவள், செய்தது சரியா என்று திங்கட்கிழமை சந்தேகப்படுவாள், புதன்கிழமை அழுவாள், வெள்ளிக்கிழமை மாமியார் காலில் விழுவாள். சனிக்கிழமை எல்லோரும் வரிசையாக நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதே ஸ்லாட்டில் திங்கட்கிழமை வேறொரு புது மருமகள் வலது காலை எடுத்து வைப்பாள்.